தொடையிடுக்கு வலி: பரதம் ஆடுபவர்கள் ஸ்கேனுக்கு முன் கேட்க வேண்டியவை

பரதம் ஆடுகிறவர்கள் முட்டி வலியைப் பற்றிப் பேசுவார்கள், குதிகால் வலியைப் பற்றிப் பேசுவார்கள். தொடையிடுக்கில் வலி என்று சொல்ல மட்டும் தயங்குவார்கள். இடம் அப்படி. வயசுப் பெண்கள் டீச்சரிடம் சொல்லவே கூச்சப்படுகிறார்கள். சொன்னாலும் "சதை பிடிச்சிருக்கும், வெந்நீர் ஒத்தடம் குடு, சரியாயிடும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. சரியாகிவிட்டால் நல்லதுதான். ஒன்றரை மாதம் கழித்தும் அதே இடத்தில் அதே அசைவுக்கு வலித்தால், அதைச் சதைப்பிடிப்பு என்று ஒதுக்கி வைக்கக் கூடாது. எனக்கு வந்த வலியின் மூலம் தெரிய இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. அதற்குள் அந்த வலிக்கு ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார்கள். என்னிடம் படிக்கும் ஒரு பெண்ணுக்கு வந்தது வேறு வலி, இன்னும் ஆபத்தானது. இரண்டையும் சேர்த்து எழுதினால் யாருக்காவது உதவும்.

எனக்கு வந்தது வலது பக்கம். முப்பதுகளின் நடுவில், மார்கழி சீசனுக்காக ஒரு புது வர்ணம் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த சமயம். தட்டடவு தட்டும்போது ஒன்றும் தெரியாது. முழுமண்டியிலிருந்து, அதாவது குதிகால் மேல் முழுக்க உட்கார்ந்த நிலையிலிருந்து, எழும்போது இடுக்கின் ஆழத்தில் ஏதோ சிக்கி விடுபடும், கூடவே ஒரு சுருக். சில நாள் 'டொக்' என்று சத்தமும் கேட்கும். காரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து இறங்கினால் முதல் பத்தடி நொண்டித்தான் நடப்பேன். பிறகு செருப்பு வார் மாட்டக் குனிந்தாலே வலித்தது. மேலோட்டமாக அழுத்திப் பார்த்தால் வலிக்கும் இடம் அகப்படாது. உள்ளே எங்கோ இருக்கும்.

முதலில் பார்த்த டாக்டர் எங்கே வலி என்று கேட்டார். நான் இடுப்பின் பக்கவாட்டில் கையை வைத்தேன். கீழ்முதுகு எக்ஸ்ரே எடுத்தார்கள், கொஞ்சம் தேய்மானம் என்றார்கள், மாத்திரையும் பெல்ட்டும் கிடைத்தன. அடுத்து ஒரு பிசியோதெரபி நிலையம். அங்கே தொடையின் உள்பக்கத் தசையான அடக்டர் இழுத்துக்கொண்டிருக்கிறது என்றார்கள். தினமும் கால்களை அகட்டி வைத்து நீட்டச் சொன்னார்கள். ஆட்டக்காரிக்கு ஸ்ட்ரெச் செய்யச் சொன்னால் கேட்கவா வேண்டும், ஒரு மடங்கு சொன்னதை இரண்டு மடங்கு செய்தேன். செய்த அன்று இதமாக இருக்கும், மறுநாள் வலி கூடியிருக்கும். அப்புறம் எண்ணெய் தடவி நீவிப் பார்த்ததும் உண்டு. கடைசியில் ஒரு எலும்பு மருத்துவர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். ரிப்போர்ட்டில் 'லேப்ரம் கிழிசல்' என்று இருந்தது. சாவித்துவார ஆபரேஷன் செய்து தைத்துவிடலாம் என்று தேதியும் கொடுத்தார். கிழிசல் என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு ஆட்டம் முடிந்தது என்றே தோன்றியது.

இடுப்பு மூட்டு என்பது தொடை எலும்பின் உருண்டைத் தலை, இடுப்பெலும்பின் குழிக்குள் உட்கார்ந்து சுழலும் இடம். குழியின் விளிம்பைச் சுற்றி ரப்பர்போல ஒரு வளையம் இருக்கிறது. அதுதான் லேப்ரம். குக்கர் மூடியின் கேஸ்கெட் செய்கிற வேலையை அது செய்கிறது: உள்ளே இருக்கும் வழுவழுப்பான திரவத்தை வெளியே விடாமல் மூடி, உருண்டையைக் குழிக்குள் பிடித்து வைக்கிறது. அதில் கிழிசல் இருந்தால் வலிக்கலாம். வலிக்காமலும் இருக்கலாம். வலியே இல்லாத 45 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஒரு ஆய்வு 2012இல் வந்தது. அதில் 69 சதவீத இடுப்புகளில் லேப்ரம் கிழிசல் இருந்தது. இது எனக்கு அப்போது தெரியாது. நடனக் கலைஞர்களுக்குச் சிகிச்சை செய்யும் ஒரு பிசியோதெரபிஸ்ட் தோழிதான் சொன்னாள்: "அக்கா, படத்துல கிழிசல் தெரியறதும் அதுதான் உங்களுக்கு வலி குடுக்குதுன்னு சொல்றதும் ஒண்ணு இல்ல. ஆபரேஷனுக்கு முன்னாடி இடுப்பு மூட்டு மட்டுமே பாக்கற ஒருத்தர்கிட்ட போங்க."

போனேன். அந்த மருத்துவர் எம்.ஆர்.ஐ. உறையைப் பிரிக்கவே இல்லை. மேசை ஓரமாக வைத்துவிட்டு, "முதல்ல எங்க வலிக்குதுன்னு காட்டுங்கம்மா" என்றார். நான் என்னை அறியாமல் கட்டைவிரலை இடுப்பின் பின்புறமும் மற்ற விரல்களை இடுக்கின் முன்புறமும் வைத்து, ஒரு வளைவாகப் பிடித்துக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டுக் குறித்துக்கொண்டார். மூட்டுக்குள் வலி இருப்பவர்களில் பலர் இப்படித்தான் பிடித்துக் காட்டுவார்களாம். தசைநார் வலி என்றால் பெரும்பாலும் ஒற்றை விரலால் ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்ட முடியும்.

அப்புறம் மல்லாந்து படுக்கச் சொன்னார். முட்டியை மடக்கி மார்பை நோக்கி உயர்த்தி, தொடையை உள்பக்கமாகச் சாய்த்து, பாதத்தை வெளியே திருப்பினார். சரியாக அந்தச் சுருக் வந்தது. "இது வலிச்சா மூட்டுதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. வலிக்கலைன்னா மூட்டு மேல சந்தேகம் குறையும், அவ்ளோதான்" என்றார். இரண்டு முட்டிகளுக்கும் நடுவே தன் கைமுட்டியை வைத்து அழுத்தச் சொன்னார். அடக்டர் தசையில் கோளாறு இருந்தால் இதில் வலிக்கும். எனக்கு வலிக்கவில்லை. காலை நேராக ஒரு அடி தூக்கச் சொல்லி மேலிருந்து அழுத்தினார். முன்பக்கம் லேசாக வலித்தது. இருமச் சொன்னார், தலையைத் தூக்கி எழச் சொன்னார். அது குடலிறக்கம் மாதிரியான கோளாறுகளுக்கு. இடுக்கு எலும்பை அழுத்திப் பார்த்தார். முதுகை வளைக்கச் சொன்னார். 2014இல் தோஹாவில் கூடிய நிபுணர்கள், இடுக்கு வலியை எந்த அமைப்பிலிருந்து வருகிறது என்பதை வைத்துப் பிரித்தார்கள்: அடக்டர் தசை, முன்பக்கம் தொடையை உயர்த்தும் இலியோசோவாஸ் தசை, குடலிறக்கம் வரும் இடுக்குக் குழாய்ப் பகுதி, இடுக்கெலும்பு. இவை போக இடுப்பு மூட்டு தனி, மற்ற நோய்கள் தனி. அவர் வரிசையாக ஒவ்வொன்றையும் தொட்டு, தள்ளிக்கொண்டே வந்தார். ஒரே ஆளுக்கு ஒன்றுக்கு மேல் இருக்கலாம் என்பதையும் சொன்னார்.

குப்புறப் படுக்கவைத்து முட்டியை மடித்து, கோணம் அளக்கும் கருவியை வைத்துத் தொடை எந்தப் பக்கம் எவ்வளவு திரும்புகிறது என்று அளந்தார். வெளிப்பக்கம் அதிகம் திரும்பியது, அதில் ஆச்சரியம் இல்லை. உள்பக்கமும் ஏகத்துக்குத் திரும்பியது. உடனே என் கட்டைவிரலை முன்கையோடு மடக்கச் சொன்னார், சுண்டுவிரலைப் பின்னால் வளைத்தார், முழங்கையையும் முட்டியையும் நீட்டிப் பார்த்தார், குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைக்கச் சொன்னார். எல்லாமே வந்தது. ஒன்பது புள்ளிக்கு மதிப்பிடும் பரிசோதனை அது. ஐந்தோ அதற்கு மேலோ வந்தால் மூட்டுகள் இயல்பைவிடத் தளர்வு என்று அர்த்தம். ஆட்டத்தில் இதை 'நல்ல பாடி' என்று பாராட்டித்தான் எங்களை வளர்த்தார்கள்.

அதற்குப் பிறகுதான் எந்த மருத்துவரும் அதுவரை கேட்காத ஒன்றைக் கேட்டார். "அரைமண்டி உக்காருங்க, பாக்கலாம்." சுடிதாரைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பாதங்களையும் முட்டிகளையும் பக்கவாட்டில் திறந்து பாதி உட்கார்ந்தேன். அவர் தரையில் குத்த வைத்து உட்கார்ந்து என் முட்டிச்சில்லையும் கால் விரல்களையும் மாறி மாறிப் பார்த்தார். விரல்கள் பக்கவாட்டில் நன்றாகத் திரும்பியிருந்தன. முட்டி அந்த அளவுக்குத் திரும்பவில்லை. கீழ்முதுகு உள்ளே குழிந்திருந்தது. "தொடையிலேருந்து வர வேண்டிய திருப்பத்தைப் பாதத்துலேருந்தும் முதுகுலேருந்தும் கடன் வாங்கறீங்க" என்றார்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆட்டக்காரர்களின் இடுக்கு வலியில் பாதி விஷயம் இங்கேதான் இருக்கிறது. பெரியவர்களில் பெரும்பாலோருக்கு இடுப்பு மூட்டு வெளிப்பக்கம் 40 முதல் 50 பாகை வரைதான் திரும்பும். இரண்டு பாதமும் பக்கவாட்டில் ஒரே கோடாக நிற்க ஒவ்வொரு காலும் 90 பாகை திரும்ப வேண்டும். மீதி எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். வெறுங்கால் தரையைப் பிடித்துக்கொள்வதால் பாதம் திரும்பிய இடத்தில் நின்றுவிடுகிறது. அதற்கு மேலே இருக்கும் முட்டி, தொடை, முதுகு எல்லாம் முறுக்கிக்கொண்டு ஈடுகட்டுகின்றன. யாருக்கு எவ்வளவு திரும்பும் என்பதைத் தீர்மானிப்பதில் எலும்பின் அமைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. தொடை எலும்பின் கழுத்து முன்பக்கமாக எவ்வளவு முறுகியிருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். பிறக்கும்போது அந்த முறுக்கம் அதிகமாக இருந்து, வளர்ச்சி முடியும்போது சுமார் 15 பாகைக்கு வரும். அது குறைவாக உள்ளவருக்கு அரைமண்டி தானாகத் திறக்கும். அதிகமாக உள்ளவர் எத்தனை வருடம் சாதகம் செய்தாலும் அந்த எலும்பு திரும்பாது. "நல்லா உக்காரு, தொடையைத் திற" என்று எல்லாக் குழந்தைகளையும் ஒரே அளவுக்கு அதட்டுவது நியாயமே இல்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். அவர் கேட்டது ஒரு சாதாரண எக்ஸ்ரே. நின்றபடி, இரண்டு இடுப்பு மூட்டும் தெரியும் முழு பெல்விஸ் படம். அதுவரை என்னிடம் கீழ்முதுகு எக்ஸ்ரே இருந்தது, எம்.ஆர்.ஐ. இருந்தது. சில நூறு ரூபாயில் முடியும் இந்தப் படத்தை யாரும் எடுத்திருக்கவில்லை. அதில் உருண்டையின் மையத்திலிருந்து மேலே ஒரு நேர்கோடும், குழியின் விளிம்புக்கு ஒரு கோடும் போட்டு நடுவில் உள்ள கோணத்தை அளந்தார். சுவீடனைச் சேர்ந்த வைபெர்க் 1939இல் சொன்ன அளவு அது. 25 பாகைக்கு மேல் இருந்தால் குழி உருண்டையைப் போதுமான அளவு மூடியிருக்கிறது. 20க்குக் கீழே போனால் குழி ஆழமில்லை, டிஸ்ப்ளேசியா என்பார்கள். இரண்டுக்கும் நடுவே எல்லைக்கோட்டு நிலை. என் வலது பக்கம் 21.

அதாவது என் குழி கொஞ்சம் ஆழம் குறைவு, மூட்டுகள் தளர்வு. உருண்டையைப் பிடித்து வைக்கும் வேலையில் எலும்பு செய்ய வேண்டியதை லேப்ரமும் இலியோசோவாஸ் தசையும் சுமந்துகொண்டிருந்தன. லேப்ரம் நைந்தது, தசை களைத்துப்போய் இறுகிக்கொண்டது. இறுகியிருக்கிறதே என்று நான் இழுத்து இழுத்து நீட்டியது, ஏற்கெனவே தளர்ந்த மூட்டை இன்னும் தளர்த்தியது. ஆட்டக்காரர்கள் இந்த ஒரு விஷயத்தைக் கவனித்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன். இறுக்கமாக உணர்வதெல்லாம் இறுக்கம் இல்லை. தளர்ந்த மூட்டைக் காப்பாற்ற உடம்பு தசையை இறுக்கி வைத்திருக்கலாம்.

இதற்கு நேரெதிரான நிலையும் உண்டு. குழியின் விளிம்பு கூடுதலாக நீண்டோ, உருண்டையின் கழுத்தில் எலும்பு புடைத்தோ இருந்தால், முழுமண்டி போன்ற ஆழமான மடக்கத்தில் இரண்டும் மோதிக்கொள்ளும். இதை இம்பிஞ்மென்ட் என்கிறார்கள். பெர்ன் நகரத்து அறுவை மருத்துவர் ரைன்ஹோல்ட் கான்ஸும் அவர் குழுவும் 2003இல் இதை விளக்கமாக எழுதிய பிறகுதான் உலகம் முழுக்க இது பேசப்பட்டது. அதுவும் வலி தருவது இதே இடத்தில்தான், அதே பரிசோதனையில்தான். 2016இல் வார்விக்கில் நிபுணர்கள் கூடி ஒத்துக்கொண்டது என்னவென்றால், நோயாளி சொல்லும் தொந்தரவு, கைப்பரிசோதனையில் தெரியும் அடையாளம், படத்தில் தெரியும் அமைப்பு, மூன்றும் சேர்ந்திருந்தால்தான் அதை இம்பிஞ்மென்ட் நோய் என்று சொல்ல வேண்டும். படம் மட்டும் போதாது. இம்பிஞ்மென்ட் உள்ளவரும் என்னைப்போலத் தளர்வு உள்ளவரும் ஒரே லேப்ரம் கிழிசல் ரிப்போர்ட்டோடு ஒரே அறையில் உட்கார்ந்திருக்கலாம். சிகிச்சை வேறு வேறு. குழி ஆழமில்லாத மூட்டில் சாவித்துவாரம் வழியாக லேப்ரத்தை மட்டும் சரிசெய்து, மூட்டுறையையும் வெட்டிவிட்டு வந்தால், தளர்வு இன்னும் மோசமாகும் ஆபத்து இருக்கிறது. டிஸ்ப்ளேசியா தீவிரமாக இருந்து வலியும் இருப்பவர்களுக்குக் குழியையே எலும்போடு வெட்டித் திருப்பி வைக்கும் ஆபரேஷன் உண்டு. அதுவும் கான்ஸ் குழு 1984இல் தொடங்கியதுதான். எனக்கு அந்த அளவுக்கு இல்லை.

வலி மூட்டுக்குள்ளிருந்து வருகிறதா, அதற்கு முன்னால் ஓடும் தசைநாரிலிருந்தா என்பது மட்டும் இன்னும் தெளிவாகவில்லை. அதற்கு ஒரு ஊசி. அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே மூட்டுக்குள் மரத்துப்போகும் மருந்தை மட்டும் செலுத்துவது. ஊசிக்கு முன்னால் என்னை அரைமண்டி உட்காரவும், முழுமண்டி போய் எழவும், குதித்து மெட்டு அடவு செய்யவும் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை வலி என்று எழுதிக்கொண்டார்கள். ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்தில், வார்டுக்கு வெளியே அந்த வராந்தாவிலேயே மறுபடி அதே அசைவுகள். நர்சும் துப்புரவு செய்யும் அம்மாவும் நின்று பார்த்தார்கள். முழுமண்டியிலிருந்து எழுந்தேன், சுருக் இல்லை. இரண்டு வருடத்தில் முதல் தடவை. காலை உயர்த்தி நீட்டும்போது மட்டும் முன்பக்கம் பழைய வலியில் ஒரு துளி இருந்தது. பெரும்பங்கு மூட்டு, மிச்சம் தசைநார் என்று முடிவானது. சில மணி நேரத்தில் மருந்தின் வேகம் இறங்கியதும் வலி திரும்பிவிட்டது. இது சிகிச்சை இல்லை, கண்டுபிடிக்கும் வழி என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் ஏமாற்றமாக இல்லை. இந்த ஊசியைப் போடாமல் யாரும் இடுப்பில் சாவித்துவார ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

சிகிச்சை என்று பார்த்தால் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை, பொறுமைதான். கால் அகட்டும் ஸ்ட்ரெச் முழுக்க நிறுத்தம். பிட்டத் தசைகளுக்கும், தொடையை வெளியே திருப்பும் ஆழ்ந்த சிறு தசைகளுக்கும் பலம் சேர்க்கும் பயிற்சி. ஒற்றைக் காலில் நிற்பது, படி ஏறி இறங்குவது, ரப்பர் பட்டையைக் கட்டிக் காலை உயர்த்துவது. முழுமண்டியும் மண்டி அடவும் பல மாதம் கிடையாது. அரைமண்டியை நான்கு விரற்கடை உயர்த்தி, முட்டி திரும்பும் அளவுக்கே பாதத்தைத் திருப்பி ஆடினேன். முதல் மாதம் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மூன்றாவது மாதத்தில் காரிலிருந்து இறங்கி நொண்டாமல் நடந்தேன். இப்போது வர்ணம் ஆடுகிறேன். முழுமண்டி வரும் தீர்மானங்களை (முடிவில் வரும் அடவுக் கோர்வைகளை) மாற்றிக் கோத்துவிட்டேன்.

இனி என் மாணவியின் விஷயம். பதினேழு வயது. அரங்கேற்றத்துக்குத் தேதி குறித்து ஒத்திகை தினமும் என்று ஆன சமயம். இடுக்கில் வலி என்றாள். குதித்து மெட்டு அடவில் ஒரு காலில் மட்டும் பாரம் போட்டு இறங்குவதைப் பார்த்து, நிறுத்திவிட்டுக் கேட்டேன். "டீச்சர், ராத்திரி திரும்பிப் படுத்தாகூட வலிக்குது" என்றாள். அன்றோடு ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி அவள் அம்மாவோடு மருத்துவரிடம் அனுப்பினேன். எக்ஸ்ரேயில் எல்லாம் நன்றாக இருந்தது. மருத்துவர் அதோடு விடாமல் எம்.ஆர்.ஐ. எடுத்தார். தொடை எலும்பின் கழுத்தில் மயிரிழை விரிசல், ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர். இந்த விரிசல் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம்.

கழுத்தின் கீழ்ப்பக்கம் விரிசல் இருந்தால் ஊன்றுகோலோடு பாரம் போடாமல் இருந்து ஆறவிடலாம். மேல்பக்கம் இருந்தால் எலும்பு முழுசாக முறிந்து விலகிவிடும் ஆபத்து அதிகம், பெரும்பாலும் ஸ்க்ரூ போட வேண்டியிருக்கும். அவளுக்குக் கீழ்ப்பக்கம். அம்மாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு மருத்துவர் அவளிடம் மாதவிடாய் பற்றியும் சாப்பாடு பற்றியும் கேட்டார். நாலு மாதமாக மாதவிடாய் வரவில்லை. அரங்கேற்றத்துக்கு மெலிய வேண்டும் என்று இரவுச் சாப்பாட்டை விட்டிருக்கிறாள். ஆடுகிற அளவுக்குச் சாப்பிடாவிட்டால் உடம்பு முதலில் மாதவிடாயை நிறுத்தும், எலும்பைக் கட்டுவதைக் குறைக்கும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் இதற்குத் தனிப் பெயரே வைத்து எச்சரித்தது. விளையாட்டு வீரர்களுக்கு என்று சொன்னாலும் ஆட்டக்காரர்களுக்கு அப்படியே பொருந்தும். ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி குறைவு என்றும் வந்தது. அரங்கேற்றம் தள்ளிப்போனது. மண்டபத்துக்குக் கொடுத்த அட்வான்ஸ் போனதில் வீட்டில் வருத்தம்தான். மாணவிகளிடம் மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று கேட்பது அநாகரிகம் இல்லை, டீச்சரின் கடமை என்று அதற்குப் பிறகு எல்லாப் பெற்றோரிடமும் சொல்லிவிட்டேன்.

ஓய்வில், இரவில் வலிக்கிறது, பாரம் போட்டால் வலிக்கிறது, ஒத்திகை கூடிய பிறகு வந்தது என்றால் அன்றே ஆட்டத்தை நிறுத்த வேண்டும். ஒற்றைக் காலில் குதித்துப் பார் என்று நாமாகச் சோதித்துப் பார்க்கக் கூடாது. விரிசல் இருந்தால் அந்தக் குதியிலேயே முறியலாம்.

இடுக்கில் வலி என்று வந்து வேறு நோயாக முடிவதும் உண்டு. நம் ஊரில் எலும்பு மூட்டுக் காசநோய் இன்னும் இருக்கிறது. முதுகெலும்புக்கு அடுத்து அது அதிகம் தாக்குவது இடுப்பு மூட்டைத்தான். சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு இருந்தால் சொல்லிவிட வேண்டும். ஸ்டீராய்டு மருந்து அதிகம் எடுத்தவர்களுக்குத் தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் நின்று அது நசியலாம். இதிலும் ஆரம்ப எக்ஸ்ரே ஏமாற்றும். காலையில் எழுந்ததும் அரை மணிக்கு மேல் விறைப்பு, நடக்க நடக்கச் சரியாகிறது என்றால் அது முதுகெலும்பைச் சார்ந்த வாத நோயாக இருக்கலாம். மாதவிடாயோடு கூடிக் குறையும் வலிக்கு மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும். பத்திலிருந்து பதினாறு வயதுக்குள் உள்ள குழந்தை முட்டி வலிக்கிறது என்று நொண்டினால், முட்டியில் ஒன்றும் தெரியாவிட்டால், இடுப்பை எக்ஸ்ரே எடுக்காமல் விடக் கூடாது. இடுப்பு மூட்டுக் கோளாறு முட்டியில் வலியாகத் தெரிவது உண்டு. மற்றபடி, வலியில்லாமல் இடுப்பில் 'டொக்' என்று சத்தம் மட்டும் வந்தால் பயப்பட ஒன்றும் இல்லை. தசைநார் எலும்பின் மேட்டைத் தாண்டும் சத்தம் அது, ஆட்டக்காரர்களில் நிறையப் பேருக்கு உண்டு.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது எந்த அடவில், எந்த நொடியில் வலிக்கிறது என்று எழுதிக்கொண்டு போங்கள். உட்காரும்போதா, எழும்போதா, காலை நீட்டும்போதா, குதித்து இறங்கும்போதா, ஆடி முடித்த மறுநாள் காலையிலா. பக்கவாட்டிலிருந்தும் முன்னாலிருந்தும் நீங்கள் ஆடுகிற ஒரு நிமிட வீடியோ போனில் இருக்கட்டும். எந்தத் தரையில் ஆடுகிறீர்கள் என்று சொல்லுங்கள். சிமென்ட் தரை, கிரானைட் தரையில் தட்டுகிற தட்டு எல்லாம் எலும்புக்குத்தான் போகிறது. தளர்வான உடை போட்டுப் போங்கள், உட்கார்ந்து காட்டத் தயங்காதீர்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் முழு பெல்விஸுக்கா, வலிக்கும் ஒரு மூட்டுக்கு மட்டுமா என்று கேளுங்கள். முழு பெல்விஸாக எடுத்தால் விரிசல், நசிவு போன்றவை தெரியும், லேப்ரத்தின் நுணுக்கம் சரியாகத் தெரியாது. ரிப்போர்ட் தாளோடு விடாமல் படங்களின் சிடியையும் வாங்கி வையுங்கள். அடுத்தவர் கேட்பது அதைத்தான்.

ஆபரேஷன் என்று சொன்னால் பதறாமல் கேளுங்கள். வலி இந்தக் கிழிசலிலிருந்துதான் வருகிறது என்று எப்படித் தெரியும்? என் குழி ஆழமா, ஆழமில்லையா, கோணம் எத்தனை? மூட்டு தளர்வா, மோதலா? மரத்துப்போகும் ஊசி போட்டுப் பார்க்கலாமா? மூன்று மாதம் முறையாகப் பயிற்சி செய்து பார்த்துவிட்டு வந்தால் ஏதாவது கெட்டுப்போகுமா? ஆபரேஷனுக்குப் பிறகு அரைமண்டி எந்த அளவுக்கு உட்கார முடியும்? இந்தக் கேள்விகளுக்கு உட்கார்ந்து பதில் சொல்கிற மருத்துவர், கடைசியில் ஆபரேஷன்தான் வழி என்று சொன்னாலும் நான் அவரை நம்பிச் செய்துகொள்வேன்.